பங்கிராஸ் பெயரில் பாடிய ரேடியோ

பனங்கரைப்பட்டியில் சூசைமேரிக்குச் சூசைமேரி என்று ஒரு பெயர் இருப்பது ஞானஸ்நானப் புத்தகத்துக்குத் தெரியும். மற்றபடி ஊருக்கு அவள் பங்கிராஸ் பொண்டாட்டி. கல்யாணத்துக்கு முன்னால் மைக்கேல்சாமி மகள். அவள் ஒருத்திதானா இப்படி? ஊரில் தாலி கட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் இதே கதிதான். அதற்காக யாரும் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கவில்லை. சூசைமேரியும் கிடக்கவில்லை, ரேடியோ வருகிறவரைக்கும்.

ஆவூர் மாதா கோயிலிலிருந்து தெற்கே வண்டிப்பாதையில் இரண்டு மைல் நடந்தால் பனங்கரைப்பட்டி. பாதி வேதக்காரர்கள், பாதி இந்துக்கள், மொத்தமும் வானம் பார்த்த விவசாயிகள். ஐம்பத்தைந்தாம் வருஷம் சர்க்கார் அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு ரேடியோ கொடுத்தது. கரண்டு இல்லாத ஊர், அதனால் பாட்டரியில் ஓடுகிற பெட்டி. பெட்டி பஞ்சாயத்து அறைக்குள்ளே, அதன் குழாய் ஸ்பீக்கர் வெளியே வேப்பமரத்தில். சாயந்தரம் இரண்டு மணி நேரம்தான் போட வேண்டும். நாலு மாசத்துக்கு ஒரு தடவை வேன் வந்து பாட்டரி மாற்றும். அதற்கு முன்னால் பாட்டரி தீர்ந்துபோனால் பொறுப்பாளன் தலை உருளும்.

யார் பொறுப்பாளன்? பஞ்சாயத்து பிரசிடெண்டு நாகராசு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பங்கிராசைப் பார்த்தது. அவர்தான் பினாங்குக்குப் போய் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

"என்னப்பா பங்கிராசு, பினாங்குல ரேடியோவெல்லாம் தொட்டிருக்கியா?"

"தெனமும் தொட்டிருக்கேங்க" என்றார் பங்கிராஸ்.

அவர் பொய் சொல்லவில்லை. அங்கே ஒரு துரை பங்களாவில் சமையல் வேலை. விடிந்ததும் ஹாலில் இருக்கிற ரேடியோவைத் துணியால் துடைக்க வேண்டும். துடைத்தார். திறந்திருக்கிறாயா என்று நாகராசு கேட்கவில்லை, கேட்காத கேள்விக்குப் பங்கிராஸ் பதிலும் சொல்லவில்லை. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது.

முதல் நாள் சாயந்தரம் ஊரே கூடியிருந்தது. பங்கிராஸ் குமிழைத் திருகினார். பெட்டி வீல் என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், மனுஷர் பின்னாலேயே துள்ளி நாகராசு மடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த பயம்தான். பாம்புப் புற்றில்கூடக் கையை விடுவார், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போகமாட்டார்.

சூசைமேரிக்கு அந்தப் பயம் இல்லை. பெட்டியை மாட்ட வந்த மெக்கானிக் எந்தக் குமிழ் எதற்கு என்று பங்கிராசுக்கு விளக்கியபோது, அவர் "ம்ம், ம்ம்" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக்கு மோர் கொண்டுவந்த சூசைமேரி ஜன்னலுக்கு வெளியே நின்று அத்தனையும் மனசில் வாங்கிக்கொண்டாள். ஆவூரில் கன்னியாஸ்திரி அம்மாமாரிடம் அஞ்சாவது வரை படித்தவள். ஒருதரம் கேட்டால் போதும் அவளுக்கு.

அவள் வீட்டுக் கொல்லையும் பஞ்சாயத்து அறையின் பின்கதவும் ஒட்டினாற்போல இருந்தது வசதியாகப் போயிற்று. சாயந்தரமானால் பங்கிராஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, "சரி, இப்பப் பேசும்" என்பார். உள்ளே இருட்டில் உட்கார்ந்திருக்கிற சூசைமேரி திருகுவாள். பேசும். "கொஞ்சம் சத்தமா" என்பார் பங்கிராஸ் வேப்பமரத்தைப் பார்த்து. சத்தமாகப் பேசும்.

ஊர் ஆம்பிளைகளுக்கு இது தெரியாதா? தெரியாமல் என்ன, நன்றாகவே தெரியும். ஆனால் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டால், ஒரு பொம்பளை திறந்துவிட்ட ரேடியோவைச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டதாக ஆகிவிடுமே! அதனால் எல்லோரும் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சூசைமேரிக்கு அது வலிக்கவும் இல்லை. இருட்டறையில் அந்த இரண்டு மணி நேரம் அவளுக்கே அவளுக்கானது. அடுப்பு இல்லை, மாமியார் இல்லை, "ஏ புள்ள" இல்லை. உலகம் அவள் விரலுக்கு அடியில் இருந்தது. அந்தப் பெட்டி என்றால் அவளுக்கு உயிர். அதை வெளியே சொல்ல முடியுமா? மரப்பெட்டிமேல் உயிரை வைத்த பொம்பளை என்று சிரிப்பார்கள்.

ரேடியோவோடு அவளுக்கு ஓயாத சண்டை ஒன்றும் உண்டு. சாயந்தரம் கிராமத்து நிகழ்ச்சியில் ஒரு பெரியவர் குரலும் ஒரு சின்னவர் குரலும் வரும். உரம், விதை, உழவு எல்லாம் அவர்கள்தான் பேசுவார்கள். கடைசியில் ஒரு பெண் குரல் வந்து, "சாப்பாடு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். தினமும் இதுதான்.

"ஏன்யா, நாத்து நட்டது யாரு, உங்க ஆத்தாளா?" என்று சூசைமேரி பெட்டியைப் பார்த்துக் கேட்பாள். பிறகு யோசித்து, "ஆமா, அவங்க ஆத்தாதான் நட்டிருப்பா" என்று தானே சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் ரேடியோவில் அறிவிப்பு வந்தது. செவ்வாய், வெள்ளி மதியம் அரைமணி நேரம் பெண்களுக்கென்றே தனி நிகழ்ச்சியாம். சூசைமேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் மதியத்தில் பெட்டியைத் திறந்தால் பாட்டரி தேயும். தேய்ந்தால் பங்கிராஸ் பொறுப்பு போகும், அதோடு அவளுடைய இருட்டறையும் போகும். என்ன செய்வது?

அவள் செய்ததைக் கேளுங்கள். பூசை வைக்க ஆவூரிலிருந்து சாமியார் வந்தபோது, அழகியையும் வேறு நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அழகி இந்து. அவளுக்கும் செபமாலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பக்கத்து வீடு, அவ்வளவுதான்.

"தோத்திரம் சாமி. சாயந்தரம் நாங்க செபமாலை சொல்ல ஒக்காந்தா, ரேடியோ சத்தத்துல மாதாவுக்கே காது கேக்காது போலருக்கு சாமி."

"அவ்வளவு சத்தமா?"

"எங்களுக்கே கேக்க முடியலீங்க சாமி" என்றாள் அழகி, வேதக்காரிக்கு மேலே பக்தியாய் முகத்தை வைத்துக்கொண்டு.

சாமியார் பொங்கிவிட்டார். அன்றிலிருந்து செபமாலை மணி அடித்தால் அரைமணி நேரம் ரேடியோவை நிறுத்த வேண்டும் என்று கட்டளை. ஆம்பிளைகள் முணுமுணுத்தார்கள். நாகராசுகூட, "சாமியாரு வாக்கு, மீறப்படாது" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு மரத்துக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம். இப்படித் தினமும் அரைமணி நேரப் பாட்டரி மிச்சமானது. வாரத்துக்கு ஏழு அரைமணி. அதில் சூசைமேரி எடுத்துக்கொண்டது இரண்டே இரண்டு. மிச்சத்தை அவள் தொடவில்லை, அது மாதாவுடையது என்று விட்டுவிட்டாள். அந்த விஷயத்தில் அவள் கறார்.

செவ்வாய்க்கிழமை மதியம் வேப்பமரத்துக்குப் போகிற கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை மட்டும் மெல்லப் பேசவிட்டாள். பின்கதவு வழியாகப் பதினோரு பெண்கள் கூடையும் கையுமாக வந்து உட்கார்ந்தார்கள். புருஷன்மார் கேட்டால் சாணி பொறுக்கப் போனதாகச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

ரேடியோ அம்மாள் தேன் குழைத்த குரலில் பேசினாள். ஆறு முட்டை, அரைப்படி பால், கால் வீசை வெண்ணெய் எடுத்து என்னவோ ஒரு பண்டம் செய்யச் சொன்னாள். பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கோழி இருந்தது, முட்டையும் இட்டது, அதெல்லாம் குளத்தூர்ச் சந்தைக்குப் போகிற முட்டை. பிறகு அந்த அம்மாள் குடும்ப விஷயத்துக்கு வந்தாள். ஆபீஸிலிருந்து கணவர் களைத்து வருவார். நீங்கள் முகம் கழுவி, பூ வைத்து, வாசலில் புன்னகையோடு நின்று, அவர் கையில் இருப்பதை வாங்கி வைக்க வேண்டும். உங்கள் களைப்பை முகத்தில் காட்டக்கூடாது.

"செஞ்சு பாப்போமே" என்றாள் அழகி.

செய்தும் பார்த்தாள். அன்றைக்கு அந்தியில் அவள் புருஷன் சேவுகன் மண்வெட்டியோடு வந்தபோது, பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்து, மண்வெட்டியை வாங்கினாள். சேவுகனுக்கு வெலவெலத்துவிட்டது.

"யாரு செத்துப்போனா? நெசத்தச் சொல்லு" என்றானாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அழகி இதை நடித்துக்காட்ட, பதினோரு பேரும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ரேடியோவில் என்ன வந்தது என்றே அன்று யாருக்கும் தெரியாது.

சிரித்து முடித்த பிறகு சூசைமேரிக்குக் கோபம் வந்தது. உலகத்தில் ஒருத்திகூட நாற்று நடவில்லையா, எல்லாப் புருஷனும் ஆபீஸுக்கா போகிறான்? நேயர்கள் கடிதம் எழுதலாம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டேதான் இருந்தது. எழுதினாள். ஒரு கார்டு, இரண்டு பக்கமும் எறும்பு ஊர்கிற மாதிரி.

உங்கள் மதிய நிகழ்ச்சியை நாங்கள் பெண்கள் கூடி உட்கார்ந்து கேட்கிறோம். ஆறு முட்டையை ஒரே நாளில் உடைக்கிற வீடு எங்கள் ஊரில் இல்லை, கேழ்வரகில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். புருஷன் களைத்து வருவான் என்கிறீர்கள், நடவு நட்டுவிட்டு நாங்களும் இடுப்பொடிந்துதான் வருகிறோம், வாசலில் நின்று எங்களைப் பார்த்துச் சிரிப்பது யார்? கடைசியாக ஒன்று: இந்த ஊர் ரேடியோவைத் திறக்கிறவளும் மூடுகிறவளும் நான். பதிவேட்டில் என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது. இப்படிக்கு, சூசைமேரி.

அந்தக் கடைசி விஷயத்தை எழுத வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. கார்டில் ஒரு விரற்கடை இடம் மிச்சமிருந்தது, கை எழுதிவிட்டது.

செவ்வாயும் வெள்ளியும் போய்க்கொண்டே இருந்தன. கடிதத்தைப் பற்றி ரேடியோ அம்மாள் மூச்சு விடவில்லை. சூசைமேரி அதை மறந்தேவிட்டாள். ஒரு சனிக்கிழமை சாயந்தரம், செபமாலை முடிந்து அவள் மறுபடி பெட்டியைத் திறந்தபோது, கிராமத்து நிகழ்ச்சியில் கடிதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பட்டிக்காட்டுக் கடிதம் என்று கார்டை அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள் போலிருக்கிறது.

"அடுத்து, பனங்கரைப்பட்டியிலிருந்து சூசைமேரி எழுதுகிறார்" என்றது பெரியவர் குரல்.

சேசு மரி சூசையே! சூசைமேரியின் கை குமிழின்மேல் இருந்தது. வெளியே ஐம்பது ஆம்பிளைகள், நடுவில் நாற்காலியில் பங்கிராஸ், மரத்தில் குழாய். ஒரு திருகு திருகினால் பெட்டி ஊமையாகிவிடும், மதியக் குட்டு வெளியே வராது, இருட்டறை தப்பிக்கும். அவள் திருகவில்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் பெயரை யாரும் இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. இன்னொரு தரம் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு.

முழுக் கடிதத்தையும் வாசித்தார்கள்.

"சகோதரி தமாஷாக எழுதியிருக்கிறார்" என்று சின்னவர் சிரித்தார். பெரியவர் சொன்னார்: "அதைவிட முக்கியம், அவருடைய கணவரைப் பாருங்கள். எத்தனை கணவர்கள் தங்கள் மனைவியை ரேடியோவைத் தொடவிடுவார்கள்? பெருந்தன்மையான அந்தக் கணவருக்கு நம் பாராட்டு." ரேடியோவுக்குள் யாரோ கை தட்டினார்கள்.

அவ்வளவுதான், வேப்பமரத்தடியிலும் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. "நம்ம ஊரு பேரு ரேடியோவுல வந்திருச்சு! பங்கிராசு, நீ ஆளுய்யா!" என்று நாகராசு எழுந்து அவர் தோளைத் தட்டினார். பொம்பளைகள் மதியத்தில் கூடியது, முட்டை, இடுப்பு, ஒன்றும் யார் காதிலும் ஏறவில்லை. பங்கிராஸ் துண்டைச் சரிசெய்துகொண்டு, "ஏதோ நம்மளால ஆனது" என்றார்.

உள்ளே சூசைமேரி பெட்டியை மூடினாள். அவளுக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுவிட்டு, "நாளையிலேருந்து பெருந்தன்மையே ரேடியோ போடட்டும்" என்றாள்.

"ஏ புள்ள, நானா கைதட்டச் சொன்னேன்?"

"வேணாம்னு சொன்னீங்களா?"

பங்கிராஸ் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டார். குழம்பு ஊற்றினாளா இல்லையா என்றுகூட அவர் பார்க்கவில்லை.

மறுநாள் சாயந்தரம் பங்கிராஸ் நாற்காலியில் உட்கார்ந்து, "சரி, இப்பப் பேசும்" என்றார். பேசவில்லை. "பாட்டரி களைச்சிருக்கு" என்றார். அடுத்த நாள், "மழை வரும்போல, கம்பிக்குச் சளி" என்றார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள், "அங்கிட்டே யாரும் பேசலியாம்" என்றார். நாலாம் நாள் நாற்காலியையே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

நாகராசு பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்கு ஊரு என்ன பண்ணும்? வந்து போட்டு விடு ஆத்தா."

"போடுறேண்ணே. பேரை மாத்துங்க."

"பொம்பள பேரையா? மேல என்ன சொல்லுவாங்க?"

"மேல கேட்டாத்தானே தெரியும்!"

நாகராசு கேட்கவில்லை. அவள் போடவும் இல்லை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கைவிரல் சும்மா சும்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. பதினாறு நாள். பதினேழாம் நாள் வேன் வந்துவிட்டது.

இந்தத் தடவை வந்த மெக்கானிக் புது ஆள், சிடுமூஞ்சி. "யாரு பொறுப்பாளர்? போட்டுக் காட்டுங்க" என்றார். ஊர் கூடிவிட்டது. பங்கிராஸ் வேர்த்துப்போய் முன்னால் வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு விரலால் குமிழைத் தொட்டார். பெட்டி வீல் என்றது. அவர் வாசலுக்கு வெளியே நின்றார், எப்படிப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுக்கா சர்க்கார் பெட்டி கொடுத்திருக்கு? கேக்கத் தெரிஞ்ச ஊரு எத்தனையோ இருக்கு. வேன்ல ஏத்துங்கய்யா."

இரண்டு ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். சூசைமேரி கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தாள். பெயர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இருட்டறையே போதும் என்று கத்தலாமா என்று நினைத்தாள். நாகராசு பங்கிராசைப் பார்த்தார். ஐம்பது ஆம்பிளைகளும் பங்கிராசைப் பார்த்தார்கள்.

பங்கிராஸ் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அய்யா, எறக்கி வைங்க. எனக்கு இது தெரியாது. எனக்குப் பயம். அவளே எத்தனையோ தடவ சொல்லிக் கொடுத்தா, எனக்கு ஏறல. நான் வெளிய ஒக்காந்து மரத்தோட பேசிக்கிட்டிருந்தேன், அவ உள்ள போட்டுக்கிட்டிருந்தா. இங்க இருக்கிற அம்புட்டுப் பேருக்கும் தெரியும். என்ன நாகராசண்ணே, தெரியும்ல?"

நாகராசு வேப்பமரத்தைப் பார்த்தார். அப்புறம், "தெரியுமப்பா" என்றார் சின்னக் குரலில். ஆட்கள் பெட்டியைப் பழைய இடத்திலேயே இறக்கி வைத்தார்கள்.

சூசைமேரி முன்வாசல் வழியாக உள்ளே போனாள். அந்த வாசலில் அவள் நுழைவது அதுதான் முதல் தடவை. பெட்டியைத் திருப்பி வைத்துக் கம்பியைச் சொருகினாள், ஒரு திருகு, அரைத் திருகு, நாதஸ்வரம் கணீரென்று வந்தது. "மரக்கெளையில வயர் ஒரசுது, அதான் வீல்னு கத்துது. அதத் தூக்கிக் கட்ட நீளமா ஒரு மூங்கி இருந்தாத் தேவலாம்" என்றாள். மெக்கானிக் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். உரசிக்கொண்டுதான் இருந்தது.

அவர் பதிவேட்டை எடுத்து, "பேரு?" என்றார்.

"சூசைமேரி."

"புருசன் பேரு?"

"அது எதுக்குங்க? அவரு பேரு ஒரு வருசமா இருந்துச்சே, பெட்டி பாடுச்சா?"

சிடுமூஞ்சி அப்போதுதான் சிரித்தார். பங்கிராசும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அன்று ராத்திரி சூசைமேரி அவருக்கு முட்டை பொரித்துப் போட்டாள், ஒரே ஒரு முட்டை. இருந்தாலும் சந்தைக்குப் போகவேண்டிய முட்டை.

அப்புறம் செவ்வாய், வெள்ளி மதியத்தில் வேப்பமரத்துக் கம்பியைப் பிடுங்கவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. பெண்கள் கூடையில்லாமல் முன்பக்கமே வந்து உட்கார்ந்தார்கள். சூசைமேரி ரேடியோவுக்கு இன்னொரு கார்டு எழுதினாள். நீங்கள் அடித்த கைதட்டல் விலாசம் மாறிப் போய்விட்டது, தயவுசெய்து இன்னொரு தரம் சரியான விலாசத்துக்குத் தட்டவும். என் புருஷன் பெருந்தன்மையானவர்தான், ஆனால் அது நீங்கள் சொன்ன நாளில் இல்லை, அதற்குப் பதினேழு நாள் கழித்து, ஊர் முன்னால் தனக்கு ரேடியோ போடத் தெரியாது என்று அவர் சொன்னாரே, அன்றைக்கு. அதையும் சேர்த்து வாசிக்கவும்.

வாசிக்கவில்லை. ஒரு மாசம் பார்த்தாள், இரண்டு மாசம் பார்த்தாள். ரேடியோ அம்மாள் பன்னிரண்டு விதமாகக் கொண்டை போடச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, கணவரின் சட்டைப் பொத்தான் பற்றிப் பேச்சு வந்ததும், சூசைமேரி பெட்டியை மூடிவிட்டு வெளியே வந்தாள். கார்டில் எழுதியது அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம். மரத்தடியில் நின்று, ரேடியோக்காரர்கள் மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்து, பனங்கரைப்பட்டியிலிருந்து சூசைமேரி எழுதுகிறார்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்லி முடித்தாள்.

அழகி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி, எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அழகி. "ஆனா ரேடியோவுல வர்ற மாதிரியே இல்லையேக்கா. எல்லாம் நெசமாவுல்ல இருக்கு!"